மெடியின் ரேடியோவும் அரவணைப்பு மன்றமும்

“அதுல கை வைக்காத டெல்ஃபின். இருக்கற எடத்துலயே இருக்கட்டும்.”

ரெமெடியோஸ் என்ற மெடி தன் கணவரிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். கடைசிப் பேச்சு என்று தெரிந்திருந்தால் இருவருமே வேறு ஏதாவது பேசியிருப்பார்கள். பேச்சுக்குக் காரணம், அவர்களுடைய ரொட்டிக்கடையில் மாவு பிசையும் மேசைக்கு மேலே பலகையில் இருந்த ரேடியோ. பதினோரு வருடங்களாக அதன் முள் இரண்டு நிலையங்களுக்கு நடுவில் நின்றது. காலையில் போட்டால் மாலை வரை தகரக் கூரையில் மழை பெய்வதுபோல இரைந்துகொண்டே இருக்கும். பாட்டும் வராது, செய்தியும் வராது. அன்று டெல்ஃபின் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, ஏதாவது பாட்டுக் கேட்கலாம் என்று எழுந்து திருகில் விரலை வைத்திருந்தார்.

“கெட்டுப்போன ரேடியோவுக்குக் கரண்டு குடுக்கற வீடு இந்த ஊர்லயே நம்ம வீடு ஒண்ணுதான்,” என்றார்.

“உன் வாய்க்கு ஆகற செலவைவிடக் கம்மிதான்,” என்று சொல்லிக்கொண்டே மெடி பையை எடுத்தாள். வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமலே, கை வைக்காதே என்றாள். பிறகு மூன்று சக்கர வண்டியில் ஏறி ஈஸ்ட் வாங்கச் சந்தைக்குப் போனாள். அதே வண்டியில்தான் திரும்பியும் வந்தாள். ஈஸ்ட் பொட்டலம் மடியில் இருந்தது. “நாங் மெடி, வீடு வந்தாச்சு, எறங்குங்க,” என்று வண்டிக்காரன் மூன்று தடவை சொன்ன பிறகுதான் அவள் தூங்கவில்லை என்பது அவனுக்குப் புரிந்தது.

சாந்தா ரெஜினா சிறிய ஊர். வயதில் மூத்த பெண்ணை ‘நாங்’ என்றும் ஆணை ‘நோங்’ என்றும் மரியாதையாக அழைக்கும் ஊர். அடக்கத்துக்கு முந்தைய ஜெப நாட்களில் ஊரே வந்துபோனது. வந்தவர்களுக்கெல்லாம் காப்பியும் பிஸ்கட்டும் கொடுத்துக்கொண்டிருந்தவன் செனியோ. நாற்பத்தொரு வயது. முழுப்பெயர் அர்செனியோ. மலைப்பக்கத்துக் கிராமத்தில் அவனுடைய அக்கா வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை உண்டு. அதன் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு குறுக்குக் கட்டை உண்டு. யாரும் பேசாதபோதும் அவனுக்குக் குரல்கள் கேட்கும் என்பதால் அந்தக் கட்டை. மெடி மாவு வாங்கப் போன இடத்தில் அவனைப் பார்த்து, “எனக்கு உருட்டித் தர ஒரு கை வேணும்,” என்று அழைத்து வந்தாள். அன்று முதல் கடையில் மாவு பிசைவதும் உருட்டுவதும் விறகு அடுப்பில் தட்டுகளைத் தள்ளி எடுப்பதும் அவன்தான். மூன்று மணிக்கு அடுப்பிலிருந்து இறங்கும் ஈட்டுக்கு ஊரே பையோடு வந்து நிற்கும்.

நான்காம் நாள் மேடம் எவஞ்சலின் வந்தார். நகராட்சியின் மனநலத் தொழிலாளர் அரவணைப்பு மன்றத்தின் தலைவி. அவர் கொண்டுவந்த மலர்வளையத்தின் நாடாவில் மெடியின் பெயர் ஒரு வரியிலும் மேடத்தின் பெயர் மூன்று வரியிலும் இருந்தன. மெடியின் சவப்பெட்டியருகே கண்ணை மூடி நின்றவர் கண்ணைத் திறந்தபோது எதிரில் காப்பித் தட்டோடு செனியோ நின்றான்.

“இவர் யாரு?”

“செனியோ, மேடம்,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. “குரல் கேக்கற ஆளு. ஆனா தங்கம். பதினோரு வருஷமா இங்கதான் வேலை.”

மேடம் அவனைப் பார்த்த பார்வையை டெல்ஃபின் பிறகு பல முறை நினைத்துப் பார்த்தார். தொலைந்துபோன மோதிரத்தை அரிசிப் பானைக்குள் கண்டவர்கள் அப்படிப் பார்ப்பார்கள்.

விஷயம் இதுதான். மன்றத்துக்கு மூன்று வயது. பதினான்கு ஊழியர்கள், ஒரு வேன், சொந்தமாக ஒரு கீதம், கீதத்துக்குக் கையசைவுகள் எல்லாம் இருந்தன. மனநோய் உள்ளவர்களுக்கு வேலை தேடித் தருவதும், கிடைத்த வேலையில் அவர்கள் நிலைக்கத் துணைநிற்பதும் அதன் நோக்கம். அந்த ஆண்டின் இலக்கு நாற்பது பேர். அதுவரை சேர்ந்தவர் யாருமில்லை. மற்றபடி எல்லாம் திட்டப்படி நடந்துகொண்டிருந்தது.

அடக்கம் முடிந்த மறுவாரம், கடையின் அனுமதிச் சீட்டைத் தன் பெயருக்கு மாற்ற டெல்ஃபின் நகராட்சிக்குப் போனார். ஊனமுற்றோர் அட்டை வைத்திருப்பவர் வேலை செய்யும் கடை என்பதால் அரவணைப்பு மன்றத்தின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். மன்றம் இருந்த மாடிக்குப் போனார்.

டெல்ஃபின் முப்பது வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்தவர். யார் என்ன சொன்னாலும் முகம் மாறாமல் கேட்பது அவர் தொழில். மேடத்தின் அறையில் அந்தப் பயிற்சி கைகொடுத்தது.

“பதினோரு வருஷம்,” என்றார் மேடம் எவஞ்சலின். அவர் கண் கலங்கியிருந்தது. “பதினோரு வருஷம் அந்த மனுஷன் எந்த ஆதரவும் இல்லாம, ஒரு பயிற்சியாளர் இல்லாம, ஒரு மதிப்பீடு இல்லாம, சும்மா வேலை செஞ்சிட்டிருந்திருக்கார். எவ்வளவு பெரிய அநியாயம். எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா எப்பவோ தடுத்திருப்போம்.”

“இப்ப என்ன செய்யணும் மேடம்?”

“நாங்க அவருக்கு வேலை வாங்கித் தரப்போறோம்.”

“எங்க?”

“உங்க கடையில.”

“அவன் அங்கதானே இருக்கான்.”

“அதுதான் நோங் டெல்ஃபின், சிக்கல். வேலையில இருக்கறவருக்கு எப்படி வேலை வாங்கித் தர முடியும்? நீங்க அவரை நீக்கணும். ஒரே ஒரு நாள். மறுநாளே நாங்க சேத்துடுவோம்.”

டெல்ஃபின் யோசித்தார். கடிதம் இல்லாவிட்டால் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் செனியோவுக்கு மலைப்பக்கத்து அறைதான். ஒரு நாள்தானே என்று நீக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஒரு நாள் பத்தொன்பது நாள் நீடித்தது. சேர்ப்பு விழாவில் நாடா வெட்ட மேடம் வேண்டும். மேடமோ மணிலாவில், வேலையின்மையால் மனம் பாதிக்கப்படுவதைப் பற்றிய மாநாட்டில் இருந்தார். அதுவரை செனியோ கடைக்குள் கால் வைக்கக் கூடாது. அவனுக்கு ஒதுக்கப்பட்ட பயிற்சியாளர் ஜொவெலின் என்ற இளம்பெண் தினமும் வந்து சரிபார்த்தாள். நல்ல பெண். படித்ததெல்லாம் மன்றத்தின் கையேடு ஒன்றைத்தான் என்பது அவள் குற்றமில்லை.

செனியோ தெருவுக்கு எதிர்ப்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே டெல்ஃபின் தனியாக மாவோடு போராடினார். ரேடியோ இரைந்தது.

“நோங், தண்ணி போதும்,” என்று செனியோ பெஞ்சிலிருந்து சொல்வான். “நோங், அடுப்பு வாயை மூடுங்க. நோங், கருகுது.”

“கருகினா கருகட்டும். ஊர்க்காரன் துக்கத்துக்காகத் தின்னுட்டுப் போவான்.”

“நேத்தும் அதையேதான் சொன்னீங்க. ரெண்டு பேரு காசைத் திருப்பிக் கேட்டாங்க.”

ஜொவெலின் பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டாள்: வேலை தேடுவதில் பயனாளிக்கு ஆர்வம் தென்படுகிறது.

விழா நாளில் கடையின் முகப்பை மறைத்து ஒரு பெரிய பதாகை வந்தது. அதில் மேடம் எவஞ்சலின் கை விரித்துச் சிரித்தார். ஓரத்தில் செனியோவின் படமும் இருந்தது. நோயாளியின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பதால் அவன் முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். கீழே கொட்டை எழுத்தில் அவனுடைய முழுப்பெயர், வயது, ஊர், நோயின் பெயர் எல்லாம் அச்சாகியிருந்தன.

முதலில் ஜெபம், பிறகு தேசிய கீதம், பிறகு மன்ற கீதம் கையசைவுகளோடு. அதன்பின் எல்லோரும் மனம் இளக ஒரு நடனம். பதினோரு வருடம் அவனே மூட்டிய அடுப்பின் வாயில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. மேடம் வெட்டினார்.

“இன்னிக்கு நான் ஒரு வாழ்க்கையைத் திறந்து வச்சிருக்கேன்,” என்றார் ஒலிபெருக்கியில். “சிலர் கேக்கறாங்க, பதினாலு பேர் சேந்து ஒருத்தருக்குத்தானே வேலை குடுத்திருக்கீங்கன்னு. நான் சொல்றேன், பதினஞ்சு பேருக்குக் குடுத்திருக்கோம். கணக்குப் போட்டுப் பாருங்க.”

பலத்த கைதட்டல். பதினான்கு பேர் உற்சாகமாகத் தட்டினார்கள். செனியோவிடம் ஒரு சான்றிதழும் உடுப்பின் மேல் கட்டிக்கொள்ள ஒரு கவசத் துணியும் கொடுத்தார்கள். துணியில் ‘நான் அரவணைக்கப்பட்டவன்’ என்று எழுதியிருந்தது.

“எப்படி இருக்கு சார் செனியோ, முதல் நாள் வேலைக்கு வர்றது?” என்று ஜொவெலின் கேட்டாள்.

“அடுப்பு அணைஞ்சு போச்சு,” என்றான் செனியோ. “நாடா எரிஞ்சிடும்னு தண்ணி ஊத்திட்டாங்க.”

அன்று மூன்று மணி ஈடு இல்லை.

அடுத்த கட்டம் ஆதரவு. செவ்வாயும் வியாழனும் மன்றத்தில் ‘வேலையைத் தக்கவைத்துக்கொள்வது எப்படி’ என்ற வகுப்பு. கட்டாயம் வர வேண்டும். முதல் பாடம், வேலைக்கு ஒழுங்காகப் போவதன் முக்கியத்துவம். இதைக் கேட்க அவன் வாரம் இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் வந்தான். வகுப்பில் மாணவன் அவன் ஒருவனே; ஆசிரியர்கள் மூவர். குழு விவாதத்துக்கு ஆள் வேண்டும் என்பதால் அவனை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள்.

மாதக் கடைசியில் ஜொவெலின் வருகைப் பதிவைப் பார்த்துக் கவலைப்பட்டாள். “நோங் டெல்ஃபின், சார் செனியோ எட்டு நாள் வேலைக்கு வரலையே.”

“அந்த எட்டு நாளும் உங்க வகுப்புல இருந்தான், அம்மா.”

“அது எங்களுக்குத் தெரியும். ஆனா பதிவுல ‘வரலை’ன்னுதான் கட்டம் இருக்கு. ‘எங்க போனார்’னு கட்டம் இல்ல.”

எனவே அடிக்கடி வேலைக்கு வராதவர்களுக்கான சிறப்பு வகுப்பில் அவனைச் சேர்த்தார்கள். அது திங்களும் புதனும்.

ஒரு நாள் டெல்ஃபின் பொறுக்கமாட்டாமல் மேடத்திடமே கேட்டார். “பதினாலு பேர் இருக்கீங்களே மேடம், இதுல ஒருத்தராவது செனியோ மாதிரி நோய் இருக்கறவங்களா? அப்படி ஒருத்தர் இருந்தா அவனுக்கு என்ன வேணும்னு சுலபமாப் புரிஞ்சிருக்கும்.”

மேடம் திடுக்கிட்டார். “இங்கேயா? ஐயோ, இல்ல நோங். இங்க பொறுப்பான வேலை. அவங்களுக்குத் தாங்காது.”

பிறகு பணியிட ஆய்வு. நான்கு பேர் அளவுகோலோடு வந்து கடையை அளந்தார்கள். மேசை உயரம் சரி. வெளிச்சம் சரி. அடுப்பு சூடாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். ரேடியோவின் கீழே வந்ததும் நால்வரும் ஒரே நேரத்தில் தலையை உயர்த்தினார்கள்.

“இது என்ன சத்தம்?”

“ரேடியோ,” என்றார் டெல்ஃபின். “கெட்டுப்போச்சு. என் பொண்டாட்டி மாத்தவே விடமாட்டா.”

சொன்ன மறுநொடியே அவள் வாசலில் நின்று கடைசியாகச் சொன்னது அவருக்கு நினைவு வந்தது. செனியோ மாவிலிருந்து கையை எடுத்து நிமிர்ந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஆய்வுக்காரர்களில் ஒருவர், “பயனாளி பதட்டமா இருக்கார். சத்தம்தான் காரணம்,” என்று எழுதினார். அறுபத்து நான்கு கேள்விகள் கொண்ட படிவம் அது. எல்லாமே ஆய்வுக்காரர் பார்த்து நிரப்ப வேண்டியவை. பயனாளியைக் கேட்க வேண்டிய கேள்வி என்று ஒன்றுமில்லை.

பழைய ரேடியோவின் கம்பியைப் பிடுங்கினார்கள். அது இப்போது மன்றத்தின் சொத்து. அப்புறப்படுத்தப்பட்ட ஆபத்துப் பொருள். ரசீது கொடுத்துவிட்டு, அதை ஒரு ஞெகிழிப் பையில் போட்டு, யாரும் கை வைக்கக் கூடாது என்று முகப்பின் குறுக்கே அகலமான நாடா ஒட்டி, நாடாவின் மேல் முத்திரை குத்தி வேனில் ஏற்றினார்கள். கடை திடீரென்று நிசப்தமானது. செனியோ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் புது ரேடியோ வந்தது. பளபளப்பானது, மேடத்தின் படம் ஒட்டியது. அதில் திருகே இல்லை. பயனாளிகள் குழம்பக் கூடாது என்று நகரத்து நிலையம் ஒன்றில் மட்டும் நிலையாகப் பொருத்தியிருந்தார்கள். ஒலியைக் குறைக்க முடியாது. அணைத்தால் மன்றம் வாரந்தோறும் எடுக்கும் பயன்பாட்டு அளவில் தெரிந்துவிடும்.

பத்து மணிக்கு அது பேசியது.

“அன்பான சாந்தா ரெஜினா மக்களே, இது உங்கள் அரவணைப்பு நேரம். நான் எவஞ்சலின். இன்னிக்கும் நம்ம அர்செனியோவைப் பத்திப் பேசுவோம். அர்செனியோ, நீ இப்ப ரொட்டி உருட்டிட்டிருப்பே. எங்களுக்குத் தெரியும். இந்த ஊரே உன்னைப் பாத்துட்டிருக்கு, அர்செனியோ. நீ வேலையை விட்டுடக் கூடாது.”

பின்னால் கைதட்டல் கேட்டது.

செனியோவின் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. ஐம்பது உருண்டைகள் தரையில் உருண்டன. அவன் மேசைக்கு அடியில் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அடுப்பில் இருந்த ஈடு கரியாயிற்று.

டெல்ஃபின் ரேடியோவின் மேல் நான்கு மாவுச் சாக்குகளைப் போட்டார். சாக்குக்குள்ளிருந்து மேடம் தொடர்ந்து பேசினார். டெல்ஃபின் குனிந்து மேசைக்கு அடியில் போனார். அறுபத்தாறு வயதில் அது சுலபமில்லை.

“செனியோ. என்னடா?”

“அதுங்க எல்லாம் திரும்ப வந்துடுச்சு, நோங். இப்ப வெளியில இருந்தும் வருது.”

“இத்தனை வருஷம் கேக்கலையா?”

“கேக்கும். ஆனா என்ன பேசுதுன்னு புரியாது. ரேடியோ இரைச்சல்ல கலந்துடும். நாங் மெடி முள்ளைத் திருப்பித் திருப்பி, இது சரியா, இது சரியான்னு கேட்டுக் கேட்டு வச்சாங்க. ஒரு நாள் முழுக்க ஆச்சு. ஒரு எடத்துல வந்ததும் எதுவும் புரியல. அங்கேயே விட்டுட்டாங்க.”

“என்கிட்ட ஏண்டா சொல்லல?”

“நீங்க கேக்கலையே.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: “உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

மேசைக்கு அடியில் உருண்டு வந்திருந்த மாவு உருண்டைகளை டெல்ஃபின் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பதினோரு வருடம் அவளைக் கேலி செய்திருந்தார். மற்றவர்கள் முன்னாலும் செய்திருந்தார். ஒரு தடவைகூட அவள் விளக்கம் சொன்னதில்லை. செனியோவின் தலைக்குள் நடப்பது செனியோவின் சொந்த விஷயம், கணவனோடு அரட்டையடிக்க அல்ல என்று நினைத்திருப்பாள்.

கருகிய ரொட்டியைப் பற்றிப் புகார் போயிற்று. மூன்றாம் நாள் மதிப்பீட்டுக்கு அழைப்பு வந்தது. மதிப்பீட்டாளர் சார் ருஃபினோ மெல்லிய குரலில் பேசுபவர், எதற்கும் ஆச்சரியப்படாதவர். டெல்ஃபின் துணைக்கு உட்கார்ந்தார்.

“சார் செனியோ, குரல் கேக்குதா?”

“கேக்குது.”

“யார் குரல்?”

“மேடம் எவஞ்சலின் குரல்.”

சார் ருஃபினோ பேனாவைத் திறந்தார். “என்ன சொல்றாங்க?”

“என் பேரைச் சொல்றாங்க. நான் இப்ப என்ன செய்றேன்னு சொல்றாங்க. ஊரே என்னைப் பாக்குதுன்னு சொல்றாங்க.”

“எப்ப?”

“தினம் பத்து மணிக்கு. ஞாயித்துக்கெழமை லீவு.”

“வேற யாராவது?”

“ஒரு பதினாலு பேர் கைதட்டுவாங்க.”

சார் ருஃபினோ எழுதியதை, தலைகீழாகப் படிக்கத் தெரிந்த டெல்ஃபின் படித்தார்: உயர் பதவியில் இருப்பவர்கள் தன்னைப் பற்றியே பேசுவதாக நம்புகிறார்; பார்வையாளர்கள் கைதட்டுவதாகவும் நம்புகிறார். நோய் முற்றியுள்ளது.

“சார்,” என்றார் டெல்ஃபின், “அது நெஜம். ரேடியோல மேடம் பேசறாங்க. நானே கேட்டேன்.”

சார் ருஃபினோ அவரைக் கனிவோடு பார்த்தார். “கூட இருக்கறவங்களுக்கும் கொஞ்ச நாள்ல அப்படித் தோண ஆரம்பிக்கும், நோங். அன்பு அதிகமானா வர்றது. சமீபத்துல இழப்பு ஏதாவது?”

“பொண்டாட்டி செத்துட்டா.”

“பாத்தீங்களா,” என்று சொல்லிவிட்டு, டெல்ஃபினுக்கும் ஒரு புதுக் கோப்பைத் திறந்தார்.

“நாளைக்குப் பத்து மணிக்குக் கடைக்கு வாங்க, நீங்களே கேளுங்க.”

“பத்து மணிக்கு முடியாது, நோங். மேடத்தோட நிகழ்ச்சிக்குக் கைதட்ட நாங்க எல்லாரும் நிலையத்துக்குப் போகணும்.”

டெல்ஃபின் அவர் முகத்தையே பார்த்தார். முப்பது வருட நீதிமன்ற அனுபவத்தில் பொய் சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறார். இந்த முகத்தில் பொய் இல்லை. வேறு எதுவுமே இல்லை.

முடிவு கடிதமாக வந்தது. ஆதரவு அனைத்தும் வழங்கியும் பயனாளி வேலையில் நிலைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மன்றத்தின் வேன் அவரை அக்காவின் வீட்டுக்கு அழைத்துச் செல்லும். ஜொவெலின் கடிதத்தைக் கொடுக்கும்போது தரையைப் பார்த்தாள்.

“அந்த அறையில ஜன்னல் இருக்கா, சார் செனியோ?” என்று கேட்டாள்.

“இருந்துச்சு. அடைச்சுட்டாங்க,” என்றான் அவன். கவசத் துணியைக் கழற்றி மடித்து அவளிடம் நீட்டினான். “இது உங்களோடது.”

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. கைப்பையைத் திறந்தாள், மூடினாள். பிறகு டெல்ஃபினிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “வியாழக்கிழமை மாகாணத்துல இருந்து அதிகாரிங்க பாக்க வர்றாங்க, நோங். எத்தனை பேர் சேந்தாங்கன்னு பலகையில எழுதிட்டோம். ஒண்ணுன்னு.”

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. சுருக்கெழுத்தருக்கு அது போதும்.

புதன்கிழமை அவர் மாடி ஏறினார். கூடத்தில் கண்காட்சி தயாராகிக்கொண்டிருந்தது. இரண்டு மேசைகள். ஒன்றில் ‘பின்பு’ என்ற அட்டையோடு மேடத்தின் படம் ஒட்டிய ரேடியோ. மற்றதில் ‘முன்பு’ என்ற அட்டையோடு, ஞெகிழிப் பைக்குள், முத்திரை குத்திய நாடாவோடு மெடியின் ரேடியோ. டெல்ஃபின் அதன் எதிரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மேடத்தின் அறைக்குப் போனார்.

“வருத்தமாத்தான் இருக்கு நோங்,” என்றார் மேடம். “எங்க ஆதரவைத் தாங்கற பலம் அவருக்கு இல்ல.”

“வெள்ளிக்கெழமை அவன் போய்ட்டா, பலகையில என்ன எழுதுவீங்க மேடம்?”

மேடம் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

“ஒண்ணை அழிச்சா என்ன வரும்னு எனக்குத் தெரியல. நான் சுருக்கெழுத்துக்காரன், கணக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு தோணுது. அவன் மூணு மாசத்துல ஆதரவே தேவைப்படாத நிலைக்கு வந்துட்டான்னு எழுதலாமே. உங்க ஆதரவு அவ்வளவு பலமா வேலை செஞ்சிருக்குன்னு. மத்த ஊர்ல எல்லாம் சேக்கத்தான் தெரியும். நீங்க முடிச்சே காட்டிட்டீங்க.”

மேடம் எவஞ்சலின் மெல்ல எழுந்தார். ஜன்னலருகே போனார். திரும்பியபோது, மெடியின் பெட்டியருகே கலங்காத அந்தக் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன.

“எனக்கு உள்மனசுல தெரிஞ்சிட்டே இருந்துச்சு, நோங். அவர் குணமாயிட்டார்னு. சொல்லத்தான் தைரியம் வரல.”

சார் ருஃபினோ அரை மணி நேரத்தில் புது அறிக்கை எழுதினார். பயனாளிக்கு இனி மேடத்தின் குரல் கேட்காது என்று உறுதியளித்தார். குணமானவருக்கு வகுப்பு இல்லை, ஆய்வு இல்லை, நிலையான ரேடியோவும் இல்லை. ஊனமுற்றோர் அட்டையை மட்டும் திருப்பித் தர வேண்டும். கடைக்கான சம்மதக் கடிதத்திலும் மேடம் கையெழுத்திட்டார்.

“அந்தப் பழைய ரேடியோ?” என்றார் டெல்ஃபின்.

“அது மன்றத்துச் சொத்தாச்சே. பயனாளிகளுக்குத்தான் குடுக்க முடியும். சார் செனியோ இப்ப பயனாளி இல்ல. ஆதரவு தேவைப்படற ஒருத்தர் கேட்டா...” மேடம் பாதியில் நிறுத்தினார். அவருடைய பார்வை டெல்ஃபின் மேல் படிந்தது. தலை முதல் கால் வரை இறங்கியது. அரிசிப் பானைக்குள் மோதிரத்தைக் கண்ட அதே பார்வை.

“நோங் டெல்ஃபின், உங்களுக்கும் ஒரு கோப்பு இருக்குன்னு ருஃபினோ சொன்னாரே. துக்கம், தனிமை, கேக்காத குரல் எல்லாம் கேக்குதாம். நீங்க இப்ப வேலையில இருக்கீங்களா?”

டெல்ஃபின் கூடத்தில் இருந்த ‘முன்பு’ மேசையைத் திரும்பிப் பார்த்தார்.

“ஒரு நாள் நீக்கணுமா மேடம்?” என்றார். “என்னை நானே நீக்கிக்கறேன். கடிதம் எங்க?”

வியாழக்கிழமை விழா சிறப்பாக நடந்தது. பலகையில் ஒன்று என்பது இரண்டானது. குணமடைந்த செனியோவுக்குச் சட்டமிட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். சுகாதார நிலையத்துச் செவிலி மட்டும் மாதாமாதம் பழையபடி அவனுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவன் குணமான செய்தி, சுகாதார நிலையம் இருக்கும் கீழ்த்தளத்துக்கு இன்னும் போய்ச்சேரவில்லை.

செவ்வாயும் வியாழனும் இப்போது டெல்ஃபின்தான் வகுப்புக்குப் போகிறார். மாணவர் அவர் ஒருவரே. முதல் பாடத்தை ஏழு முறை கேட்டுவிட்டார். ஆசிரியர்கள் சொல்வதையெல்லாம் ஒரு எழுத்து விடாமல் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொள்கிறார். அக்கறையுள்ள மாணவர் என்று ஜொவெலின் எழுதுகிறாள். தன்னிடமே வேலைக்குச் சேர்ந்த தன்னை, வேலைக்கு ஒழுங்காக வராததற்காக அவர் ஒருமுறை கண்டித்துக் கடிதமும் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு பிரதிகள்.

முதல் வகுப்பு முடிந்த அன்று ரேடியோவைக் கையில் கொடுத்தார்கள். மூன்று சக்கர வண்டியில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் ஒரே பயம். அலுவலகத்தில் யாராவது சும்மா திருகிப் பார்த்திருந்தால்? துடைக்கிற கை பட்டிருந்தால்? அந்த இடம் எது என்று சொல்ல இனி யாருமில்லை. அவளுக்கே அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆகியிருக்கிறது.

கடையில் செனியோ பையைக் கிழித்தான். முகப்பின் குறுக்கே இருந்த நாடாவை நகத்தால் மெல்ல உரித்தான். அவ்வளவு நல்ல பசை. முள்ளையும் திருகையும் சேர்த்து மூடி ஒட்டியிருந்தார்கள். மூன்று முத்திரைகள் வேறு. அந்த மன்றம் செய்த வேலைகளிலேயே அசையாமல் நின்றது அந்த ஒட்டு ஒன்றுதான்.

“நோங், நீங்க போடறீங்களா?”

“நீ போடு. எனக்கு அதுல கை வைக்கக் கூடாதுன்னு உத்தரவு.”

செனியோ கம்பியைச் சொருகினான். கடைக்குள் மழை பெய்தது. அவன் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு கையில் மாவுப்பொடி தட்டிக்கொண்டு உருட்ட ஆரம்பித்தான்.

டெல்ஃபின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பலகையருகே போய் எட்டிப் பார்த்தார். முள் இரண்டு நிலையங்களுக்கு நடுவில், வலப்பக்க எண்ணுக்கு ஒரு மயிரிழை நெருக்கமாக, அவள் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.